அண்ணி சொன்னதும் மேடம் சொன்னதும்

அலுவலகத்தில் அவளைச் சைகைக்காரி என்றார்கள். அவளுடைய அண்ணனும் அவன் கூட்டாளிகளும் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் யாருக்கும் காது கேட்காது, வாய்ப்பேச்சும் கிடையாது. அவளைக் குறிப்பிட வேண்டுமென்றால் ஒரு விரலால் இடது புருவத்தை மேலே தூக்கிக் காட்டுவார்கள். யாராவது புளுகினால் அவளுக்கு அந்தப் புருவம் தன் பாட்டுக்கு ஏறிக்கொள்ளும். சின்ன வயதில் அண்ணன் வைத்த பெயர் அது. எழுத்தில் அதைப் புருவக்காரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏழை நாடுகளில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கும் உடல்நலத்துக்கும் பாடுபடும் நிறுவனம் ஒன்றில் அவள் சைகை மொழிபெயர்ப்பாளர். பாடுபடும் என்பது அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட சொல். அலுவலகம் இரண்டாம் மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களைக் கீழே டிரைவர் அறையில் உட்கார வைப்பார்கள். மேலேயிருந்து ஒருவர் இறங்கி வந்து, நின்றபடியே பேசிவிட்டுப் போவார். அறிக்கையில் இதற்கு 'பயனாளியைத் தேடிச் செல்லும் சேவை' என்று பெயர். காது கேளாதவர்களின் அவசர உதவிக்கு ஒரு தொலைபேசி எண் வைத்து, ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அந்த எண்ணைக் கூப்பிட்டால் வாயைத் திறந்து பேசியாக வேண்டும். புருவக்காரி இதை எடுத்துச் சொன்னபோது ஒருங்கிணைப்பாளர் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டே கழிவறைக்கும் போய் வருகிற மனிதர் அவர். அடுத்த சுவரொட்டியில் எண்ணை இன்னும் பெரிதாகப் போட்டார்கள்.

அவள் ஏன் அங்கே காலம் தள்ளினாள் என்றால், மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. அண்ணன் வெல்டிங் பட்டறையில் இருந்தான். அண்ணி ரொட்டிக் கடையில் பாக்கெட் போடும் வேலை. வீட்டில் மூன்று பேரும் கையாலேயே பேசிக்கொள்வதால் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சண்டை நடக்காது. கை காலியாக இருக்காது. அண்ணிக்குக் காது பிறவியிலேயே கேட்காது. ஆனால் ஊர் வம்பு ஒன்று விடாமல் அவளுக்குத் தெரிந்திருக்கும். எப்படித் தெரியும் என்று கேட்டால், "முகத்தைப் பார்த்தா போதும், காது எதுக்கு?" என்பாள்.

அந்த அண்ணி முதல் பிள்ளைக்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றபோதே மூவரும் பேசி வைத்திருந்தார்கள். வலி கண்டதும் அண்ணன் செய்தி அனுப்புவான், புருவக்காரி எங்கிருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து கூடவே நிற்பாள். நாள் இன்னும் இருந்தது. பிள்ளைக்குத்தான் பொறுமையில்லை.

வலி கண்ட அன்று பெரிய ஓட்டல் ஒன்றில் நிறுவனத்தின் மாநாடு. 'சிகிச்சையில் சம உரிமை' என்று மேடையின் முதுகு முழுக்க எழுதியிருந்தார்கள். உள்ளே நுழையும்போதே எல்லோருடைய கைபேசியையும் ஒரு கூடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். புருவக்காரியை மேடையில் ஒரு விளக்குக்குக் கீழே நிறுத்தினார்கள். முன்வரிசையில் 'காது கேளாதோருக்கு' என்று அட்டை வைத்திருந்தது. அந்த நாற்காலிகளில் புகைப்படக்காரர்களின் பைகள் உட்கார்ந்திருந்தன. அழைப்பு யாருக்கும் போகவில்லை. அவள் ஒருங்கிணைப்பாளரிடம், நான் யாருக்குக் கை காட்டுவது என்று கேட்டாள்.

"நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க. வீடியோல ரொம்ப அழகா வரும்" என்றார்.

இயக்குநர் பேசினார். அவரை எல்லோரும் மேடம் என்பார்கள். அவருக்கு அது பெயராகவே ஆகிவிட்டிருந்தது. மருத்துவமனையில் ஒவ்வொருவர் குரலும் கேட்கப்பட வேண்டும், கேட்கப்படாத குரலே நோயில் கொடிய நோய் என்றார். புருவக்காரி பைகளைப் பார்த்துக் கை காட்டினாள். பேச்சு முடிந்ததும் மண்டபமே இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டியது. காது கேளாதவர்கள் அப்படித்தான் கைதட்டுவார்கள். அந்த நிறுவனத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே சைகை அதுதான். அதைச் செய்துவிட்டால் அவர்கள் முகத்தில் குளித்துவிட்டு வந்த மாதிரி ஒரு தெளிவு வரும்.

அந்த நேரத்தில் அண்ணன் ஓட்டல் வாசலில் நின்றுகொண்டிருந்தான். அண்ணியை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், பிரசவ வார்டுக்குள் ஆண்கள் வரக்கூடாது என்று அவனைத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். தங்கைக்குச் செய்திமேல் செய்தி அனுப்பினான். பதில் இல்லை. வண்டி பிடித்து ஓட்டலுக்கே வந்தான். வெல்டிங் பட்டறைச் சட்டையோடு, வாய் பேசாமல், கையை ஆட்டிக்கொண்டு வந்தவனைக் காவலாளி உள்ளே விடவில்லை. அண்ணன் கைபேசியில் எழுதிக் காட்டினான்: என் மனைவிக்குப் பிரசவ வலி, என் தங்கை உள்ளே இருக்கிறாள். காவலாளி நல்ல மனிதன்தான். அவனை வரவேற்பு மேசைவரை கூட்டிப்போனான். மேசையிலிருந்து மண்டபத்துக்குப் பேசினார்கள். எடுத்தவர் ஒருங்கிணைப்பாளர். நிகழ்ச்சி நேரலையில் போய்க்கொண்டிருக்கிறது, இடைவேளை வரட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். இடைவேளையில் குழுப் படம் எடுத்தார்கள்.

வரவேற்பு மேசைக்கு மேலே ஒரு தொலைக்காட்சி இருந்தது. மண்டபத்தில் நடப்பது அதில் ஓடியது. மேடம் வாயசைக்க, பக்கத்தில் தங்கை கை காட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்திலேயே அவள் கைப்பேச்சு புரிந்த ஒரே ஆள் அவன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அவன் அங்கேயே நின்று உரை முழுவதையும் பார்த்தான். ஒவ்வொருவர் குரலும் கேட்கப்பட வேண்டும் என்று திரையில் தங்கை சொன்னபோது, திரைக்கு நேராகப் போய்க் கையை ஆட்டியிருக்கிறான். காவலாளி தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான்.

சாப்பாட்டுக்கு வெளியே வந்து, கூடையிலிருந்து கைபேசியை எடுத்த பிறகுதான் புருவக்காரிக்கு எல்லாம் தெரிந்தது. அவள் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தாள். அவர் கையில் தட்டு.

"மேடையில இருந்தீங்க. நடுவுல எப்படிக் கூப்பிடறது, நீங்களே சொல்லுங்க" என்றார், நியாயம் தன் பக்கம் இருக்கிறவரைப் போல.

வரவேற்பறையில் காத்திருந்த அண்ணனோடு அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளை பிறந்துவிட்டிருந்தது. பெண். எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அண்ணனுக்குக் கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். பிரசவ வார்டுக்குள் மறுநாள் காலைவரை யாருக்கும் அனுமதி இல்லை என்று வாசலில் இருந்த ஆயா சொல்லிவிட்டாள். புருவக்காரி கெஞ்சினாள், கத்தினாள், நிறுவனத்தின் பெயரைக்கூடச் சொல்லிப் பார்த்தாள். ஆயா அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. சரி, பிள்ளை பிழைத்தது, தாயும் நலம் என்று அண்ணனும் தங்கையும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். பிள்ளை பிழைத்தது தாய்க்குத் தெரியுமா என்று இருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அது தெரியாமல் எப்படி இருக்கும்?

தெரியவில்லை. உள்ளே நடந்ததை அண்ணி பிறகுதான் சொன்னாள். நர்ஸ் ஏதோ கேட்டாள். அண்ணி காதைத் தொட்டுக் காட்டி இல்லை என்றாள். நர்ஸ் அதையே இன்னும் சத்தமாகக் கேட்டாள். வலி ஏற ஏற அண்ணி கையால் பேசினாள், கையால் அழுதாள். குளுக்கோஸ் ஏற்றும் ஊசி நிற்கவில்லை. இரண்டு மணிக்கட்டையும் பாண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கட்டியவர்களுக்கு அது கை. அவளுக்கு அது வாய். வாயைக் கட்டி வைத்துக்கொண்டு பிள்ளையைப் பெற்றாள். பிள்ளையை உடனே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அண்ணி கண்ணாலேயே ஒரு ஆயாவிடம் கேட்டாள். ஆயா உள்ளங்கையை விரித்துத் திருப்பினாள். எனக்குத் தெரியாதம்மா என்று அர்த்தம். அண்ணி அதை, போய்விட்டது என்று புரிந்துகொண்டாள். தொண்டையிலிருந்து வந்த சத்தம் வார்டையே எழுப்பியிருக்கிறது. வெறி பிடித்துவிட்டது என்று தூங்க ஊசி போட்டார்கள்.

காலையில் புருவக்காரி உள்ளே போனபோது அண்ணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பால் கட்டிச் சட்டை நனைந்திருந்தது. புருவக்காரி அவள் முகத்தைத் திருப்பி, பொண்ணு, உன் மூக்கு அப்படியே, என்று சிரித்துக்கொண்டே கை காட்டினாள்.

அண்ணி வெகுநேரம் அவளையே பார்த்தாள். "நீயுமா பொய் சொல்றே?" என்று கேட்டாள்.

பிள்ளையைக் கையில் கொடுத்த பிறகும், இது யாருடைய பிள்ளையோ, பெற்றவளிடம் திருப்பிக் கொடு என்றாள். வீட்டுக்கு வந்தும் ரொம்ப நாளைக்கு, விருந்தாளி விட்டுப்போன பையைப் பார்ப்பதைப் போலத்தான் அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். பால் கொடுத்தாள், குளிப்பாட்டினாள், கொஞ்சவில்லை.

இது எப்படியோ மேடத்தின் காதுக்குப் போனது. ஒருநாள் புருவக்காரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்தாலே ஏதோ வேண்டும் என்று அர்த்தம். நிதி தருகிற நாட்டிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு நேரடி அனுபவம் கேட்க ஆசை, அண்ணி வந்து பேசினால் எத்தனையோ பெண்களுக்கு விடிவு பிறக்கும் என்றார். ஓட்டல், காவலாளி, இடைவேளை எதையும் அவர் தொடவில்லை. புருவக்காரி முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் இதைச் சொன்னபோது அண்ணிதான் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டுப் பேசக் கையை எடுத்தாள்.

"என்ன நடந்துச்சுன்னு யாராவது கேட்டாங்களா இதுவரைக்கும்? இவங்களாவது கேக்கறாங்களே. நான் சொல்றேன். நீ ஒண்ணும் மாத்தாம அப்படியே சொல்லு."

அவர்கள் கேட்கமாட்டார்கள் அண்ணி, பார்ப்பார்கள், அவ்வளவுதான் என்று புருவக்காரி சொல்லிப் பார்த்தாள். அண்ணி பிடித்த பிடியில் நின்றாள்.

விருந்தினர்கள் வந்தார்கள். தலை நரைத்த ஒரு பெரியவர், கேமரா மாட்டிய ஓர் இளம்பெண். இரண்டு பேருக்கும் அவர்கள் மொழி தவிர வேறு தெரியாது. ஏற்பாடு இப்படி: அண்ணி கையால் சொல்ல, புருவக்காரி அதைத் தமிழில் சொல்ல, மேடம் அதை அவர்கள் மொழிக்கு மாற்றுவார். புருவக்காரிக்கு அந்த மொழி கொஞ்சம் வரும். பேசினால் தடுக்கும், கேட்டால் புரியும். இது மேடத்துக்குத் தெரியாது. அவளைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள அவருக்கு இதுவரை அவசியம் வந்ததில்லை.

அண்ணி நல்ல சேலை உடுத்தி, தலையைப் படிய வாரி வந்திருந்தாள். எழுந்து நின்று சொல்ல ஆரம்பித்தாள். புருவக்காரி ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "என்னைக் கட்டில்ல கட்டிப் போட்டாங்க. எனக்குப் பேச இருந்தது இந்தக் கை ரெண்டுதான்."

மேடம் விருந்தினர்கள் பக்கம் திரும்பி, கனிந்த குரலில் மொழிபெயர்த்தார். அது கடினமான பிரசவம், ஆனாலும் அவள் தைரியத்தை விடவில்லை.

"உதவிக்கு வர வேண்டிய ஆளை, யாருமே இல்லாத நாற்காலிக்கு முன்னாடி மேடையில நிறுத்தி வெச்சிருந்தாங்க."

எங்கள் மொழிபெயர்ப்புச் சேவை அந்தச் சமயத்தில் எவ்வளவு முக்கியம் என்பதை அவள் உணர்ந்தாள், என்றார் மேடம்.

புருவக்காரியின் புருவம் ஏறியது. அண்ணி அதைப் பார்த்துவிட்டாள். இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். புருவக்காரி, மேடம் சொன்னதை மேடத்தின் அதே கனிவோடு, அப்படியே கையில் போட்டுக் காட்டினாள். உன் குழந்தைக்கு நிறுவனத்தின் மூலம் மறுவாழ்வு கிடைத்ததாம் என்பதுவரை. மேடத்தின் மொழிபெயர்ப்பு அதற்குள் அதுவரை போய்விட்டிருந்தது.

அண்ணி ஆத்திரப்படவில்லை. ரொட்டி பாக்கெட்டில் பூச்சி கிடந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி மேடத்தைப் பார்த்தாள். நேராகப் போய், பேசிக்கொண்டிருந்த மேடத்தின் வாயின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள். அழுத்தவில்லை, அடிக்கவில்லை. பாத்திரத்துக்குத் தட்டு போட்டு மூடுவதைப் போல மூடினாள். இன்னொரு கையால் புருவக்காரியைப் பார்த்துச் சொன்னாள்:

"நீ சொல்லு. அவங்க மொழியில."

கழுத்து அட்டையைப் பிடித்தபடி ஒருங்கிணைப்பாளர் பாதி எழுந்து பாதியிலேயே நின்றார். புருவக்காரி தனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில், இலக்கணம் நொண்ட நொண்ட, எல்லாவற்றையும் சொன்னாள். கை கட்டியதை. ஆயா உள்ளங்கையைத் திருப்பியதை. இதே நிறுவனத்தின் மாநாட்டு வாசலில் காது கேளாத ஒருவனை உட்கார வைத்ததை. வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள். கேமராப் பெண் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

பெரியவரின் கண் கலங்கிவிட்டது. அவர் எழுந்து வந்து அண்ணியின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டார். அண்ணி இன்னும் சொல்லி முடிக்கவில்லை. கையை உருவப் பார்த்தாள். அவர் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு அறையில் இருந்த எல்லோரும் கைகளை உயர்த்தி விரல்களை ஆட்டினார்கள்.

மறுநாள் தன்னை வேலையை விட்டுப் போகச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் புருவக்காரி அலுவலகத்துக்குப் போனாள். ஏச்சுக்குப் பதில் சொல்ல நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தாள். அதில் ஒன்றுகூடப் பயன்படவில்லை. மேடம் அவளைப் பார்த்ததும் சால்வையைச் சரிசெய்துகொண்டே எழுந்து வந்தார். முகமெல்லாம் பல்.

"ரொம்ப இயல்பா வந்துச்சும்மா. அவங்க அசந்து போயிட்டாங்க. தாய்மார்களுக்குன்னே தனித் திட்டம் தர்றாங்களாம்" என்றார். அடுத்த மாதம் வேறோர் இடத்தில் பெரிய கூட்டம் இருக்கிறது, அண்ணி அங்கேயும் வந்து இதைச் சொல்ல வேண்டும் என்றார். கொஞ்சம் யோசித்து, குரலைத் தணித்துக்கொண்டு, "வாயில கை வெச்சாங்க இல்ல, அதையும் செய்யச் சொல்லு. அதுதான் தொட்டுடுச்சு" என்றார்.

புருவக்காரிக்கு அதுவரை அந்த அம்மாளின் மேல் கோபம் இருந்தது. அந்த நொடியில் அது போய்விட்டது. கோபப்படுவதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். இங்கே ஒரு சால்வையும் ஒரு புன்னகையும் மட்டும் நின்றுகொண்டிருந்தன.

"நான் இனிமே வரலைங்க" என்றாள்.

"ஏம்மா? சம்பளம் ஏத்தித் தரச் சொல்றேன்."

அவள் திரும்பி நடந்தாள். மாடிப்படி இறங்கும்போது அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது என்று சொல்ல முடியாது. அடுத்த மாதத்துக்கு என்ன செய்வது என்ற கவலை ஒவ்வொரு படியிலும் கூடவே இறங்கியது. சில மாதம் கழித்து, நிறுவனத்தின் ஆண்டறிக்கை அட்டையில் அன்றைக்கு எடுத்த படம் வந்ததை அண்ணன் எங்கிருந்தோ கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். மேடத்தின் வாயின் மேல் அண்ணியின் கை. கீழே 'நன்றியின் தொடுதல்' என்று போட்டிருந்தார்கள். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணி வாங்கிப் பார்த்துவிட்டு, தாள் வழவழப்பாக இருக்கிறது, ரொட்டி சுற்றக்கூட உதவாது என்று தள்ளி வைத்தாள்.

பிறகு அண்ணியே ஒரு முடிவுக்கு வந்தாள். நடந்தது ஆஸ்பத்திரியில், அதை ஏன் கண்டவனிடமும் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும், ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சொல்வோம் என்றாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு புருவக்காரியையும் கூட்டிக்கொண்டு பிரசவ வார்டின் தலைமை நர்ஸைப் பார்க்கப் போனாள். தலைமை நர்ஸ் கட்டை குட்டையான பெண்மணி. உட்காரச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஊசிகளை எண்ணி அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"கட்டச் சொன்னது நான்தான்" என்றார். "கை ஆட்டினா ஊசி உடையும். இவங்களுக்குன்னு இல்ல, யாரா இருந்தாலும் கட்டுவோம். இவங்களுக்கு அதுதான் பேச்சுன்னு எனக்கு யார் சொன்னா?"

இவ்வளவு வருஷமாக அந்த நிறுவனம் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததே இல்லையா என்று புருவக்காரி கேட்டாள். வந்தார்களே, வாசலில் சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போனார்கள் என்றார் தலைமை நர்ஸ். மன்னிப்புக் கேட்கவில்லை. வருத்தம் தெரிவிக்கவில்லை. அண்ணி சொன்னதைப் புருவக்காரி சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் அண்ணியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆயா உள்ளங்கையைத் திருப்பிய இடம் வந்தபோது ஊசிகளைக் கீழே வைத்தார்.

காது கேளாத பெண் யார் வந்தாலும், கூட ஓர் ஆளை உள்ளே விடச் சொல்கிறேன், எனக்கு மேலே இருப்பவர்கள் குதித்தால் குதிக்கட்டும் என்றார். பிறகு சலித்துக்கொள்வதைப் போலக் கேட்டார்:

"வலிக்குதான்னு எப்படிக் கேக்கறது? பிள்ளை நல்லா இருக்குன்னு எப்படிச் சொல்றது? ரெண்டையும் காட்டச் சொல்லு."

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தப் பொம்பளைக்கு நான் எதுக்குச் சொல்லித்தரணும் என்று புருவக்காரியிடம் கேட்டாள். இதை மொழிபெயர்க்கட்டுமா என்று புருவக்காரி கேட்டதற்கு, தாராளமாக என்றாள். தலைமை நர்ஸ் அதைக் கேட்டுக்கொண்டார், முகம் மாறவில்லை. "பிடிக்கலன்னா போகட்டும். அடுத்து வர்றவளுக்கும் உள்ளங்கையைத்தான் திருப்பிக் காட்டுவாங்க" என்றார்.

அண்ணி பிள்ளையைப் புருவக்காரியிடம் கொடுத்துவிட்டு, இரண்டையும் காட்டினாள். தலைமை நர்ஸ் தன் தடித்த விரல்களால் செய்து பார்த்தார். பிள்ளை நல்லா இருக்கு என்று அவர் சொன்னது, ஆடு தடுமாறுது என்பதைப் போல இருந்தது. அண்ணி அந்தப் பிழையை மன்னிக்கவில்லை. அந்த அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து, கட்டை விரலை வெடுக்கென்று மடக்கி, மறுபடியும் செய்யச் சொன்னாள். மறுபடியும் தப்பு. மறுபடியும் பிடித்தாள். வெளியே யாரோ நர்ஸைக் கூப்பிட்டார்கள். தலைமை நர்ஸ் போகாமல், விரலைச் சரியாக மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.